பருப்பு வேகாத தண்ணீருக்கு எந்த மெஷின் வாங்குவது?

கேள்வி: மதுரை ஊமச்சிகுளம் பக்கம் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். 480 அடி போர். குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் மசிவதில்லை. சோப்பு நுரைப்பதில்லை. மெஷின் விற்க வந்தவர் பேனா போன்ற மீட்டரை விட்டுப் பார்த்து டி.டி.எஸ். 1,150 என்றார். இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் காவியாகிவிட்டது. என் கணவருக்கு ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்திருக்கிறது. வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. (தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்) போட்டுவிடலாமா? — ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தக் காவி நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்தது அதைப் பார்த்துத்தான். அது உங்கள் தண்ணீரிலிருந்து வந்த அழுக்கு அல்ல. அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்புக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். மெஷின் விற்பவர் மறுபடி வந்தால் அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் காவியாகும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அரைகுறையாகச் சொல்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தலைகளை எண்ணலாம். அதில் பக்தர் எத்தனை பேர், ஜேப்படிக்காரர் எத்தனை பேர் என்று அந்த எண்ணிக்கையிலிருந்து தெரியுமா? டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு, ஃபுளோரைடு உண்டா, நைட்ரேட் உண்டா, கிருமி உண்டா என்பதை அது காட்டாது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். கடினத்தன்மைக்கு அதே கணக்கு 200, 600. உங்கள் 1,150 விரும்பத்தக்க அளவு அல்ல. ஆனால் விஷமும் அல்ல.

உங்களைப் படுத்துவது கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். மழைநீரில் இவை அநேகமாக இல்லை. மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்து, பாறையையும் சுக்கான்கல்லையும் மெல்லக் கரைத்துக்கொண்டே போகிறது. மழை குறைந்த நம் பக்கத்தில், ஆழத்தில் வெகுகாலம் தங்கிய தண்ணீர் இப்படித்தான் இருக்கும். சூடாக்கும்போது இந்தச் சுண்ணாம்பில் ஒரு பங்கு பிரிந்து படிகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் ஓடுபோல் ஒட்டுவது அதுதான். ஆகவே ஒரு பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறி வெண்மை அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்ததை ஊற்றிச் சமைத்துப் பாருங்கள். பருப்பு கொஞ்சமாவது இளகினால், உங்கள் கடினத்தன்மையில் கணிசமான பங்கு கொதிக்கவைத்தால் போகக்கூடியது.

பருப்பு வேகாததற்குக் காரணம், அதன் செல்களைப் பிணைக்கும் பெக்டினை கால்சியம் இறுக்கிவிடுவது. ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் வேகும். அதிகமானால் சோப்பு வாடை அடிக்கும். துணிக்குச் சலவைச் சோடா. சலவைத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் உவர்மண் போட்டு வெளுத்தார்களே, அந்த மண்ணில் இருந்த சோடா செய்த வேலையும் இதேதான்.

கணவரின் சிறுநீரகக் கல்லுக்கு வருவோம். குழாயில் படியும் சுண்ணாம்பு உடம்பிலும் அப்படியே படியும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்தான் என்றாலும், கடினநீர் கல்லை உண்டாக்குகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. மதுரை வெயிலில் வேர்த்துக்கொட்டி, தண்ணீர் போதாமல் சிறுநீர் அடர்வதுதான் பெரிய ஆபத்து. சுவை பிடிக்கவில்லையென்று அவர் குறைவாகக் குடிக்கிறாரா என்று கவனியுங்கள். எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

நான் கவலைப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஃபுளோரைடைப் பற்றி. கெட்டிப் பாறைப் பகுதியின் ஆழ்குழாய்களில் அது இருக்க வாய்ப்புண்டு. நிறம், மணம், சுவை எதுவும் காட்டாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்களில் கறை, பிறகு எலும்பிலும் பாதிப்பு. கொதிக்கவைத்தால் போகாது; தண்ணீர் வற்றும்போது செறிவு கூடவே செய்யும். நைட்ரேட்டும் (எல்லை 45) அப்படித்தான். எனவே மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டியில் விழும் முன்பே பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் சுத்தப்படுத்திய புட்டி வேண்டும்.

வீடு முழுவதற்கும் ஆர்.ஓ. வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர மூன்று லிட்டர் வரை கழித்துவிடும். கழிப்பறைக்கு ஊற்றவா அவ்வளவு செலவு? நம் வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குடம், புழக்கத்துக்குத் தனித் தொட்டி என்று வைத்திருந்தார்களே, அந்தப் பிரிவினை சரியானது. மாநகராட்சிக் குழாயில் வைகை, பெரியாறு தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்துக் குடித்தால் போதும். வராவிட்டால் சமையலறைக்கு மட்டும் சிறிய ஆர்.ஓ. சோதனையில் ஃபுளோரைடு அதிகம் என்று வந்தால், அதிலுள்ள டி.டி.எஸ். கூட்டும் திருகை மூடச் சொல்லுங்கள். சுவைக்காகக் கலப்பது அதே போர் தண்ணீரைத்தான். வடிகட்டிய ஃபுளோரைடு அந்த வழியாகத் திரும்பிவிடும்.

குளியலுக்கும் துணிக்கும் வேண்டுமானால் சாஃப்ட்னர், அதாவது கடினத்தன்மையை நீக்கும் கருவி, போடலாம். ஆனால் கணக்குப் பார்த்துப் போடுங்கள். கடினத்தன்மை 600, நாள் செலவு 500 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தினமும் 300 கிராம் நீக்க வேண்டும். அதற்குள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் 25 லிட்டர் இருந்தால் ஏறக்குறைய நான்கு நாள் தாங்கும். பிறகு மூன்று, நான்கு கிலோ உப்புக் கரைத்துக் கழுவ வேண்டும். மாதம் ஒரு மூட்டை உப்பு! இதைச் செய்ய வீட்டில் ஆள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழுவிய நீரைத் தென்னைக்கு விட்டுவிடாதீர்கள். சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிக்கவும் கூடாது. கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கிறது. 600 கடினத்தை முழுதும் நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 276 மில்லிகிராம் சோடியம் கூடும், ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மழைநீரை மறந்துவிட்டோம். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். ஐப்பசி மழையில் முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பெய்வதை வடிகட்டித் தொட்டியில் பிடித்தால், துவரம்பருப்பு குழைந்துவிடும். மிச்சத்தைப் போர் அருகே உறிஞ்சுகுழியில் விடுங்கள்.

குழாய் வாயில் பூத்த வெண்மைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் வைத்துத் தேயுங்கள். ஹீட்டரை 60 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் உள்ளே படிவது குறையும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குளியலறையில் ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.