சிபிபிஏ: இரண்டு ட்ரோன்கள் ஒரே வேலையை மாறி மாறிப் பறிக்கின்றன

சிபிபிஏ (CBBA) என்பது ட்ரோன்கள் தங்களுக்குள் ஏலம் கேட்டு வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை; அதிகத் தொகை சொன்ன ட்ரோனுக்கே வேலை. இதில் ஏலத்தில் வேலையை இழந்த ட்ரோன், அந்த ஒன்றை மட்டும் விட்டால் போதாது. தன் பட்டியலில் அதற்குப் பின் சேர்த்த எல்லா வேலைகளையும் விட வேண்டும். உங்கள் நிரலில் 3-ஆம் ட்ரோனும் 5-ஆம் ட்ரோனும் 7-ஆம் வேலையை முடிவில்லாமல் ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்கிக்கொள்கின்றன என்கிறீர்களே, முதலில் இப்படி விடுவதைச் செய்யும் வரியைப் பாருங்கள். பின்னால் சேர்த்தவற்றின் ஏலத்தொகை, இழந்த வேலையும் கையில் இருப்பதாகக் கணக்கிட்டது. அது போனபின் அந்தத் தொகை செல்லாது.

அந்த வரி சரியென்றால், ஏலத்தொகையைக் கணக்கிடும் மதிப்பெண் சார்பில்தான் (score function) கோளாறு. ஒவ்வொரு ட்ரோனின் ஏலத்தொகைகளையும் சேர்த்த வரிசையிலேயே பதிவெடுங்கள். தொகை ஏறாமல் வர வேண்டும்; 40, 31, 36 என்று எங்கேனும் ஏறினால் கோளாறு அகப்பட்டது. கூடுதல் தூரத்தைக் கழிக்கும் சார்பில் இது சகஜம்: ஓரிடம் போக முடிவானதும் பக்கத்து வேலை மலிவாகிவிடும்.

தீர்வு: அறிவிக்கும் தொகையை முந்தைய குறைந்த தொகைக்குள் வெட்டுங்கள் (36 அல்ல, 31). எதைச் சேர்ப்பது என்பதை உண்மை மதிப்பெண்ணே தீர்மானிக்கட்டும்.

வெட்டினால் இரண்டு ட்ரோன்கள் ஒரே தொகை சொல்வது பெருகும். சமமானால் சிறிய எண்ணுள்ள ட்ரோனுக்கே வேலை என்ற விதி எல்லா ட்ரோன்களிலும் ஒன்றாக இருக்கட்டும். ரேடியோ இணைப்பு ஒன்றோடொன்று பேச முடியாத இரண்டு தீவாகப் பிரிந்திருந்தால் மட்டும் இவை எதுவும் உதவாது.