பின் சீட்டுக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பியக் குடும்பக் கார்கள் சீனாவுக்குப் போனால் இரண்டு மூன்று அங்குலம் நீண்டுவிடுகின்றன. ஜெர்மனியில் ஆடி ஏ4 என்று வந்தது சீனாவில் ஏ4எல் ஆனது. இது சீனர்களின் பகட்டு ஆசைக்குத் தீனி போடுவதுதானே? நன்றாக அமைந்த ஒரு காரின் அளவைக் கெடுத்து, குரோமும் பெரிய திரையும் ஒட்டி விற்பதைப் பொறியியல் என்று சொல்லலாமா? மின்சாரக் கார்கள் வந்த பிறகும் இதெல்லாம் தேவைப்படுமா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அதனால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன். கார் பாகத்தைத் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிற ஒருவர் இப்படிக் கேள்வி கேட்பது எனக்குச் சந்தோஷம். ஆனால் பகட்டு என்று ஒரு நாட்டையே ஒரு வரியில் ஒதுக்கிவிட்டீர்களே, அது தப்பு. வாங்குகிறவருக்கு என்ன தேவை என்று பார்க்காமல் அவருடைய குணத்தைப் பழிப்பது சோம்பேறித்தனம். பொறியியல் படித்தவர் அதைச் செய்யக் கூடாது.

அந்தக் காரில் யார் எங்கே உட்காருகிறார்கள்? அதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். 1990-கள் வரை சீனாவில் கார் பெரும்பாலும் அலுவலகத்துச் சொத்து. ஓட்டுநர் முன்னால், அதிகாரி பின்னால். ஷாங்காயில் செய்த ஃபோக்ஸ்வாகன் சான்டானாவின் சக்கர இடைவெளி, அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2548 மி.மீ. 1995-இல் பிரேசில் பொறியாளர்களோடு சேர்ந்து அதை 2656 ஆக்கி, சான்டானா 2000 என்று இறக்கினார்கள். 1999-இல் வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் ஆலையில் ஆடி ஏ6 90 மி.மீ. நீண்டது. அடுத்த ஆண்டு ஷாங்காய் பஸாட் 100 மி.மீ. நீண்டது. அப்படி நீட்டிய பஸாட்டின் அடித்தளத்தின் மேல்தான் 2001-இல் செக் நாட்டில் ஸ்கோடா சூப்பர்ப் வந்தது. அதை ஐரோப்பியர்கள் விரும்பி வாங்கினார்கள். அளவு கெட்டுப்போனதாக அவர்கள் யாரும் சொல்லவில்லை.

பிறகு குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கின. கணவன், மனைவி, ஒரே குழந்தை, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டி. பின் சீட்டில் ஒரு குழந்தை இருக்கை, அதன் இரு பக்கமும் பெரியவர்கள். முழங்கால் வலிக்கிற பாட்டி காலை மடக்கி உள்ளே வைத்து உட்கார அறுபது மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். பெற்றவர்களை வசதியாக உட்காரவைக்க ஒருவர் கூடுதல் பணம் கொடுக்கிறார் என்றால் அதை நான் மரியாதையோடுதான் பார்ப்பேன்.

நீட்டுவது சுலபம் என்றும் நினைக்காதீர்கள். 2808 மி.மீ. இருந்த ஏ4 2869 ஆனபோது எஞ்சின் அறை, முன் மோதலைத் தாங்கும் சட்டம், டேஷ்போர்டு, முன் கதவு எதையும் தொடவில்லை. தொட்டால் முன் மோதல் சோதனை வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டிய நீளம் முழுவதும் நடுத்தூணுக்கும் (முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண்) பின் சக்கரத்துக்கும் நடுவில், பின்னால் இருப்பவர் கால் வைக்கும் தரைத்தகட்டில் போய்ச் சேரும். அதனால் பின் கதவு, அதன் கண்ணாடி, கூரை, தரை, கீழ்விளிம்புச் சட்டம் எல்லாம் மாறும். பக்கவாட்டுத் தகடு முன்தூணிலிருந்து வால் வரை ஒரே தகடாக அழுத்தப்படுவதால் அதற்குப் புது டை, அதாவது தகட்டை அழுத்தி உருவாக்கும் அச்சு, வேண்டும். செலவில் பெரும்பகுதி அங்கேதான். அடியில் பிரேக் பைப், பெட்ரோல் பைப், சைலன்ஸர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், ஒயரிங் ஹார்னஸ், நான்கு சக்கர இயக்கம் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஒவ்வொன்றுக்கும் புது நீளம், புது கிளிப் இடம்.

எது கெடும் என்று கேளுங்கள். பின் கதவு நீண்டால் எடை கூடும். கீல் உட்காரும் இடத்தில் நடுத்தூணின் உள்தகட்டைத் தடிமனாக்காவிட்டால் நாளாக நாளாகக் கதவு தொங்கும். நீளம் கூடின மூங்கில் எளிதில் வளைவதுபோல் பாடியின் விறைப்பும் குறையும், அதன் இயல்பதிர்வு எண்ணும் (தட்டினால் அது வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்) இறங்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் சும்மா ஓடும்போது வினாடிக்கு 25 அடி அடிக்கிறது. பாடியின் அதிர்வு எண் அந்த 25-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சிக்னலில் நிற்கும்போது பின் சீட் முழுக்க நடுங்கும். முன்னால் இருக்கிற ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. ஆகவே கீழ்விளிம்புச் சட்டத்துக்குள் வலுத்தகடு, பின் சீட்டுக்கு அடியில் குறுக்குச் சட்டம். அதனால் எடை ஏறும். பின்னால் மூவர் உட்காருவது வழக்கம் என்பதால் ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்கும் டாம்பர் இரண்டையும் திரும்ப அளந்து மாற்ற வேண்டும். இத்தனைக்கும் மேல் கூரையை அறுத்துப் பெரிய கண்ணாடிக் கூரை வேறு. அதன் வடிகால் குழாய்கள் வடக்குச் சீனாவின் வசந்தகாலப் புழுதியில் அடைத்துக்கொண்டால் மழைநீர் தூண் வழியாக இறங்கிக் கார்ப்பெட் நனையும். சர்வீஸில் கூரையைத் திறந்து மூலையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே சக்கரத்தருகே வருகிறதா என்று பார்த்தால் போதும்.

குரோம், திரை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை விடுங்கள், பேசுகிற அளவுக்கு அதில் விஷயம் இல்லை. பெட்ரோலுக்கும் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் ஆக்டேன் 95, சீன பங்கில் பலர் போடுவது 92. இக்னிஷன் மேப்பை, அதாவது தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்ற கணக்கை, அதற்கேற்றபடி எழுதினால் சரியாகிவிடும். எஞ்சின் அளவு கூடக்கூட நுகர்வு வரி ஏறுவதால் சின்ன டர்போ எஞ்சின் வைக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ஒன்றரை லிட்டர் வரை 3 சதவீதம், இரண்டு லிட்டர் வரை 5, இரண்டரை வரை 9.

ஆனால் வாசனையைத் தள்ளிவிட முடியாது. புதுக் காரின் வாசனை சிலருக்குப் பிடிக்கும். சீனாவில் வாங்குகிறவர் அதை விஷம் என்றே எடுத்துக்கொள்கிறார், கைக்குழந்தை பின்னால் இருக்கும்போது அவர் பயம் நியாயமானது. ஜெர்மன் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் விடிஏ 270 சோதனையில் சீட் ஃபோம், பசை, ஒலியடக்கும் பாய் என ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை மூடிய கண்ணாடி ஜாடியில் போட்டு, 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு 60 டிகிரிக்கு ஆறவிட்டு, குறைந்தது மூன்று பேர் மூடியைச் சற்றுத் தூக்கி முகர்ந்து 1 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் வாசனையே இல்லை, 6 என்றால் பொறுக்க முடியாது. இதில் தவறு நடக்கும் இடம் இதுதான்: துண்டு துண்டாக எல்லாம் 3 வாங்கித் தேறிவிடும், வெயிலில் நின்ற காருக்குள் எல்லாம் சேர்ந்தால் தலைவலிக்கும். ஆகவே முழுக் காரையும் சூடாக்கி முகர வேண்டும், ஃபோமில் வாசனை கிளப்பும் அமீன் குறைந்த ரசாயனம், பசைக்குப் பதில் தையலும் கிளிப்பும் என்று மூலத்திலேயே மாற்ற வேண்டும். 2012-இல் நடைமுறைக்கு வந்த சீன வழிகாட்டி காருக்குள் ஃபார்மால்டிஹைடு ஒரு கன மீட்டரில் 0.10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. அந்த அழுத்தத்தால் சப்ளையர்கள் பொருளையே மாற்ற வேண்டியிருந்தது. இதைச் செய்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இப்போது என் மனதை அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வி நீளத்தைப் பற்றியது. நீளத்தைக் கொடுத்துவிட்டு அதே பின் சீட்டுக்கு அடியிலிருந்து எதை எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை.

ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவைச் சீனாவில் சாகிட்டார் என்று விற்றார்கள். பழைய வண்டியின் சக்கர இடைவெளி 2578 மி.மீ.; அடுத்த தலைமுறையில் 2651. 73 மில்லிமீட்டர் கூடுதல், விளம்பரம் முழுக்க அதுதான். ஆனால் பழையதில் பின்னால் இருந்தது மல்டி லிங்க் சஸ்பென்ஷன்: ஒவ்வொரு சக்கரத்தையும் நான்கு தனித்தனி இணைப்புகள் பிடித்திருக்கும். புதியதில் அதைக் கழற்றிவிட்டு டார்ஷன் பீம் வைத்தார்கள்: இரண்டு பக்கமும் நீளவாட்டில் ஒவ்வொரு டிரெய்லிங் ஆர்ம், நடுவில் அவற்றை இணைத்து முறுக்கு வாங்கும் ஒரு குறுக்குத் தண்டு. பாகம் குறைவு, விலை குறைவு. ஐரோப்பாவில் விற்ற ஜெட்டாவுக்கு மல்டி லிங்க் அப்படியே இருந்தது. அமெரிக்காவிலும் சீனாவிலும் சிக்கனம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதை வைத்து யாரும் டார்ஷன் பீமே மட்டம் என்று பேச வேண்டாம். எத்தனையோ நல்ல கார்கள் அதில் ஓடுகின்றன. சாகிட்டாரில் கோளாறு அந்த ஆர்ம் உடைகிற விதத்தில் இருந்தது. பின்னாலிருந்தோ பின் பக்கவாட்டிலிருந்தோ ஒரு மோதல் வாங்கினால் ஆர்ம் வளைந்துவிடும். பம்பரையும் தகட்டையும் சரிசெய்து பெயின்ட் அடித்து வண்டியை எடுத்துப்போவார்கள், அடியில் வளைந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வளைந்த இடத்தில் ஒவ்வொரு பள்ளமும் ஏறி இறங்க, விரிசல் வளரும். பிறகு ஒருநாள் ஓடும்போதே முறியும், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல். பின்னால் தாத்தா பாட்டியும் குழந்தையும் உட்கார்ந்திருக்கும்போது.

சேஸி பாகத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: தாங்க முடியாத அடி விழுந்தால் முறியாமல் வளைய வேண்டும், வளைந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியவும் வேண்டும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கணும், டயர் உரசணும், சத்தம் வரணும். வளைந்ததும் தெரியாமல், பிறகு முறியவும் செய்கிற பாகம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் காரில் இருக்கத் தகுதியற்றது.

2014 அக்டோபரில் சீனாவில் 5,63,605 சாகிட்டார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதற்குச் செய்த சிகிச்சைதான் எனக்கு ஆறாத கோபம். ஆக்சிலை மாற்றவில்லை. டிரெய்லிங் ஆர்மில் ஒரு எஃகுத் தகட்டை வைத்து அனுப்பினார்கள். ஆர்ம் முறிந்தாலும் தகடு கொஞ்ச நேரம் பிடித்திருக்கும், சத்தம் வரும், ஓட்டுநர் நிறுத்திவிடலாம் என்று விளக்கம். விதியின் பாதியை மட்டும் தகட்டால் நிறைவேற்றினார்கள். முறியாமல் தடுக்க அதில் ஒன்றுமில்லை. வண்டி வாங்கியவர்கள் ஒட்டுப்போடுகிறார்கள் என்று தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு செய்த வண்டிகளில் மல்டி லிங்க் திரும்பி வந்தது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? முன்பே வாங்கியவர்களுக்கு மட்டும் தகடு.

கியர்பாக்ஸிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎஸ்ஜி என்பது ஃபோக்ஸ்வாகனின் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ். அதன் ஏழு கியர் பெட்டியில் இரண்டு கிளட்சும் உலர் கிளட்ச். ஆயிலில் குளிக்காது, சூடு காற்றுக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பிய நெடுஞ்சாலையில் அது சிக்கனமான நல்ல பெட்டி. சீன நகர நெரிசலில் பத்தடிக்கு ஒருமுறை அரை கிளட்ச், அதோடு வெப்பம், ஈரப்பதம். பெட்டியில் இருந்த சின்தெடிக் ஆயில் அந்த நிலையில் மின்கோளாறு உண்டாக்கி, ஓடும் வண்டிக்கு இழுவையே இல்லாமல் செய்தது. 2013 மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி அதை வெளியிட்ட சில நாட்களில் 3,84,181 வண்டிகளுக்கு ரீகால். அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளில் அந்த ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றச் சொன்னார்கள். கொஞ்சம் ஆயில்தான் விஷயம். கோடையில் நகர நெரிசலில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்திருந்தால் விற்கும் முன்பே தெரிந்திருக்கும். துர்ப்பானின் வெயில், ஹெய்ஹேயின் குளிர், கோல்முடின் உயரம் என்று சோதனைக்கு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் சாதாரண மாலை நேர நெரிசலும் இருக்க வேண்டும்.

மின்சாரக் கார் பற்றிய உங்கள் கேள்விக்கு: தேவைப்படும், இன்னும் அதிகமாகவே. 2021-இல் ஃபோக்ஸ்வாகன் ஐடி.6 என்று மூன்று வரிசைக் காரைச் சீனாவுக்கென்றே இறக்கியது. சக்கர இடைவெளி 2965, ஐடி.4-ஐவிட ஏறக்குறைய 200 மி.மீ. கூடுதல். அடியில் பேட்டரி, மொத்த எடை இரண்டு டன்னுக்கு மேல். பின் ஆக்சிலின் சுமை கூடியிருக்கிறது. நீங்கள் எந்தப் பாகம் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. பின் சஸ்பென்ஷன் ஆர்ம் என்றால் உங்கள் டிராயிங்கில் ஃபெட்டீக் எண்ணிக்கையை, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏற்றினால் எத்தனை முறை தாங்கும் என்பதை, மட்டும் பார்க்காதீர்கள். நல்ல ஆர்மை எடுத்து சாய்வாக ஓர் அடி கொடுத்து வளைத்துவிட்டு, வளைந்ததையே மறுபடி ஃபெட்டீக் ரிக்கில் ஏற்றும் சோதனை அதில் கேட்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் மேலாளரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.