கூனபராப்ரனுக்கு வயதான அம்மாவோடு போகலாமா?

சிட்னியிலிருந்து ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு ஊரான கூனபராப்ரனுக்கு இரண்டு இரவுப் பயணம், மூட்டுவலி உள்ள அம்மா, இரண்டு பிள்ளைகள், ஜூலை விடுமுறை. இவ்வளவு தூரம் போவது வீண் அலைச்சலா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஏறக்குறைய 450 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் பகல் முழுக்க ஆகிவிடும். ஆனால் பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் நுழைந்துவிடுங்கள். அந்த நேரத்தில்தான் கங்காருகள் சாலைக்கு வரும்.

ஊருக்குப் பக்கத்திலுள்ள வாரம்பங்கிள் தேசியப் பூங்காவில் எல்லோரும் சொல்லும் கிராண்ட் ஹை டாப்ஸ் நடை 14 கிலோமீட்டருக்கு மேல், செங்குத்தான ஏற்றம். அம்மாவுக்கு அது வேண்டாம். வைட்கம் லுக்அவுட் போங்கள். போக வர ஒரு கிலோமீட்டர்தான், தளம் போட்ட பாதை. எரிமலை தேய்ந்து மிச்சமான பாறைக் கோபுரங்கள் அங்கிருந்தே வரிசையாகத் தெரியும். மாலை வெயில் பட்டால் இன்னும் அழகு.

சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்தில் 3.9 மீட்டர் தொலைநோக்கியைப் பகலில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுதான் பார்க்க முடியும். இரவில் வானம் பார்க்க ஊரில் தனியார் நடத்தும் நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்யுங்கள். தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அமாவாசையை ஒட்டி வையுங்கள், பௌர்ணமியில் போய்ப் பயனில்லை. ஜூலை அங்கே குளிர்காலம், இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அம்மாவுக்குக் கம்பளிக் குல்லாயும் கையுறையும் கட்டாயம்.

வழியெல்லாம் சூரியக் குடும்ப மாதிரியாகக் கோள்களின் பலகைகள் வரும். வானாய்வகக் குவிமாடம்தான் சூரியன். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், காரில் சண்டை குறையும். அப்புறம், பெட்ரோலை ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் கிடைக்காது.