கறுத்துப் போகும் கழுகு

கேள்வி: குளிர்காலத்தில் பிகானேர் அருகே ஜோர்பீரில் புல்வெளிக் கழுகுகளைப் படமெடுத்தேன். 400 மி.மீ. லென்ஸ், 1/800 நொடி. பறக்கும் படங்களில் பறவை கறுப்பாக, மங்கலாக விழுகிறது. ஏன்?

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். கறுப்புக்குக் காரணம் வானம். வெளிச்சமான பின்னணியைப் பார்த்து கேமராவின் ஒளி அளவிடும் மீட்டர் ஒளியைக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (மீட்டர் கணக்குக்கு மேல் ஒளியைக் கூட்டும் அமைப்பு) +1 முதல் +1.7 வரை ஈடு கொடுக்கலாம். ஆனால் கழுகு தாழ்ந்து மணல் பின்னணிக்கு வந்ததும் அதே ஈடு படத்தை வெளுக்கவைக்கும். எல்லாவற்றையும் நீங்களே அமைக்கும் மேனுவல் முறையே மேல்: ஷட்டர் வேகம் 1/2000 அல்லது 1/2500 நொடி, லென்ஸ் துளை எஃப் 6.3. வெயிலில் அமர்ந்திருக்கும் கழுகைச் சோதனையாக எடுத்து, இறகு விவரம் தெரியும்படி ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) பூட்டுங்கள். வெயில் மாறும்வரை தொடவேண்டாம்.

மங்கலுக்கு 1/800 பாதிக் காரணம்தான். மீதி கானல், அதாவது சூடான தரைக்கு மேல் காற்று அலைவது. வெயில் ஏறியபின் தரையை ஒட்டித் தூரத்தில் எடுப்பதெல்லாம் அலையும். எந்த ஷட்டர் வேகமும் அதைத் தீர்க்காது. அந்நேரம் மேலே பறப்பதை எடுங்கள். ஜீப்பிலிருந்து எடுத்தால் அதிர்வு வராதபடி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கழுகு எழுவதும் இறங்குவதும் எதிர்காற்றில். முகம் உங்களை நோக்கி வரும். இரண்டும் ஒத்துவராவிட்டால் வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் போதும். அமர்ந்த கழுகு எச்சமிட்டு முன்னால் சாய்ந்தால் பெரும்பாலும் எழப்போகிறது. நகரும் பறவையைத் தொடர்ந்து குவிக்கும் தொடர் ஃபோகஸை அப்போதே பிடியுங்கள். இறக்கை விரிய இடம் விட்டு எடுங்கள். ஜோர்பீர் செத்த மாடுகளைக் கொட்டும் இடமாதலால் நாய்கள் அதிகம். தரையில் படுத்து எடுக்கும் ஆசை அங்கே வேண்டாம்.