நான்கில் ஒன்று வந்தாயிற்று, இனி பயமில்லையா?

கேள்வி: மூன்று வயது மகனுக்குத் தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தநோய். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மாதந்தோறும் ரத்தம் ஏற்றுகிறோம். கணவர் என் தாய்மாமன். நாங்கள் இருவருமே கடத்திகள், அதாவது நோயில்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவர்கள் என்றார்கள். இப்போது எனக்கு ஒன்பதாவது வாரம். ‘நான்கில் ஒன்றுக்குத்தான் வரும், அது மூத்தவனுக்கு வந்துவிட்டது’ என்று ஆசிரியையான மதினி கட்டம் போட்டுக் காட்டினார். நிம்மதியாக இருக்கலாமா?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இருக்க வேண்டாம். மதினி போட்டது புன்னட் கட்டம், பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளைக்கு எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டுவது. அது சரி, படித்த விதம்தான் தப்பு. உங்களிடம் நல்ல மரபணு ஒன்று, பழுதானது ஒன்று, கணவரிடமும் அப்படியே. கட்டங்களை நிரப்பினால் ஒன்றில் இரண்டும் நல்லவை, இரண்டில் உங்களைப் போல ஒன்று மட்டும் பழுது, மிச்சமுள்ள ஒன்றில் இரண்டும் பழுது, அதுதான் நோய். அவை நான்கு பிள்ளைகளின் வரிசை அல்ல. தாயக்கட்டைக்கு முன்பு விழுந்தது நினைவிருக்குமா? ஒவ்வொரு கருவுக்கும் அந்த நான்கு கட்டமும் புதிதாகவே தொடங்கும். மரபியலின் தந்தை மெண்டல் 7,324 பட்டாணிகளை எண்ணியதால்தான் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம் என்று மூன்றுக்கு ஒன்று கணக்கு தெரிந்தது. இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டில் அதைத் தேடக் கூடாது. இந்தக் கருவுக்கும் 25 சதவீத வாய்ப்பு அப்படியே இருக்கிறது.

ஆகவே இந்த வாரமே கிளம்புங்கள். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, கருவுக்கு நோய் உண்டா என்று பார்த்துவிடலாம். கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். அதற்கு முன்பே உங்கள் இருவரின் மரபணுப் பழுது எது என்ற அறிக்கை கையில் இருக்க வேண்டும். அது வர நாளாகும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். 13 வாரம் தாண்டிவிட்டால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பார்க்கலாம். ஆனால் பதில் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

உங்கள் இருவருக்கும் ரத்த வகை ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சங்கரன்கோவில் நேர்த்திக்கடன் பாக்கி என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகச் செலுத்துங்கள், நோய் அதனால் வந்ததல்ல.

கைப்பேசியில் பார்த்துவிட்டு மகனுக்கு இரும்புச்சத்து டானிக் கொடுக்கிறீர்களாமே, யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு அவன் உடம்பில் சேர்கிறது. அது இதயத்திலும் ஈரலிலும் படியாமல் வெளியேற்றத்தான் மருந்தே தருகிறார்கள். அந்த டானிக்கை இன்றே நிறுத்துங்கள். உங்களுக்குக் கர்ப்பத்தில் தந்திருக்கும் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உங்கள் தம்பிக்கும் சொந்தத்திலேயே பெண் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரும் கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஜாதகம் பார்க்கும் முன் இருவருக்கும் எச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை எடுத்து, ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்துவிடச் சொல்லுங்கள். தாண்டினால் கடத்தியாக இருக்கலாம்.