தாத்தா டைரியில இருந்த க்ஷயம்

கேள்வி: தாத்தாவோட 1948 டைரி கிடைச்சுது. "தம்பிக்கு க்ஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்"னு ஒரு வரி, அடுத்த வருஷமே அந்த சின்னத் தாத்தா தவறிட்டார். அவரைப் பத்தி வீட்ல மிஞ்சினது இந்த டைரி மட்டும்தான். எனக்கு வரன் பாக்கற நேரம், எரிச்சிடுங்கறாங்க அம்மா. க்ஷயம்னா என்ன, பரம்பரையா வருமா?
- கும்பகோணம் வாசகி

பதில்: டிபிதாம்மா அது. காசநோய், எலும்புருக்கி, க்ஷயம் எல்லாம் ஒண்ணுதான். க்ஷயம்னா தேயறது, குறையறது. அட்சய திருதியைக்கு நகைக்கடையில க்யூ நிக்கிறோமே, அந்த அட்சயம்னா க்ஷயம் இல்லாதது, அதாவது குறையாதது. சந்திரன் ரோகிணி மேல மட்டும் பிரியமா இருந்தான்னு தட்சன் சாபம் விட்டு தேஞ்சு போனானே, அவனுக்கு வந்ததும் க்ஷயம்தான்னு புராணம். ஆள் இருமி இருமி பிறை மாதிரி ஆயிடுவாங்க, பேர் பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க.

பரம்பரைக்கு வருவோம். ஒரே வீட்ல ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போனதால ரத்தத்துல வருதுன்னு அந்தக் காலத்துல நெனச்சாங்க, ஆனா ராபர்ட் கோக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1882லயே பெர்லின்ல இது கிருமின்னு காட்டிட்டார், இருமும்போது காத்துல பரவுது, ஒரே ரூம்ல படுத்தா ஒட்டலாம், அவ்வளவுதான். நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே போனவர்கிட்டருந்து உங்களுக்கு எப்படிம்மா வரும்?

பாவம், அவர் கொஞ்சம் முன்னாடி பொறந்துட்டார். டிபிக்கான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் 1943லயே கண்டுபிடிச்சாச்சு, ஆனா 48ல நம்ம ஊர்ல சாதாரண குடும்பத்துக்கு அது எங்க கிடைக்கும், வசதி இருந்தா தாம்பரம் மாதிரி சானடோரியத்துல, அதாவது டிபிக்காரங்க தங்கி வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரியில, நல்ல காத்து, பால், முட்டை, ஓய்வு. (ரயில்வே ஸ்டேஷன் பேர்ல அந்த சானடோரியம் இன்னமும் இருக்கு.) அப்புறம் 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சியில பாதி பேரை சானடோரியத்துல வச்சாங்க, பாதி பேருக்கு வீட்லயே மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாச்சு, வீட்ல கூட இருந்தவங்களுக்கும் அதனால கூடுதலா பரவல. உலகமே வைத்திய முறையை மாத்திக்கிச்சு. இப்ப சாதாரண டிபிக்கு ஆறு மாச மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில இலவசம், நடுவுல நிறுத்தக்கூடாது. டிபி நோயாளிகளைப் பதிவு பண்ற அரசாங்க சைட்டுக்குப் பேரே நிக்ஷய், க்ஷயம் இல்லாதது!

மாப்பிள்ளை வீட்ல கேட்டா சொல்லுங்க, கேக்காட்டி சின்னத் தாத்தா கதையெல்லாம் யாருக்கு வேணும். வீட்ல இப்ப யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா மட்டும் சளி டெஸ்ட் எடுங்க.

டைரியை எரிக்காதீங்க. அம்மா கண்ணுல படாம பீரோ அடித்தட்டுல வைங்க.