வெட்டாந்தரையில் சிப் ஷாட் பழகுவது எப்படி?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். கோல்ஃப் பழக ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பக்கத்தில் வந்தபிறகும் குழிக்குள் போட ஐந்தாறு ஷாட் ஆகிவிடுகிறது. ஒன்று மண்ணில் குத்துகிறது, இல்லையென்றால் பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கிறது. மாதம் ஒருமுறைதான் சென்னை மைதானத்துக்குப் போக முடிகிறது. ஊரிலேயே என்ன பழகலாம்?

பதில்: கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைத் தாழ்வாகத் தட்டிக் குழியை நோக்கி உருளவிடுவதுதான் சிப் ஷாட். அதில் குத்துவதும் பறப்பதும் ஒரே கோளாறுதான். பந்தைத் தூக்கிவிட வேண்டும் என்ற நினைப்பில் உடல் எடை வலது காலுக்குப் போகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. ஸ்விங்கின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. அங்கே மண்ணைத் தொட்டால் குத்தும். தொடாமல் மேலேறினால் கிளப்பின் (கோல்ஃப் மட்டை) விளிம்பு பந்தின் நடுவில் பட்டுப் பறக்கும். தூக்குகிற வேலையைக் கிளப்பின் சாய்வே பார்த்துக்கொள்ளும், நீங்கள் தூக்க வேண்டாம்.

மணலில் அடிப்பதற்கான சாண்ட் வெட்ஜ் கிளப்பையும் இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். அதன் அடியில் உள்ள புடைப்பு (பவுன்ஸ்) இளகிய தரையில் கிளப்பைப் புதையாமல் காக்கும். சித்திரை வெயிலில் இறுகிய நம் ஊர்த் தரையிலோ எகிறிப் பந்தின் மேல் மோதும். சாய்வு குறைந்த 8-ஆம் எண் அயர்ன் (இரும்புத் தலைக் கிளப்) போதும்.

வலது கைக்காரர் என்றால்: பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. பந்து வலது கால் கட்டைவிரலுக்கு நேரே. எடையில் மூன்றில் இரண்டு பங்கு இடது காலில், கடைசிவரை அங்கேயே. கைகள் பந்துக்குச் சற்று முன்னால். பட் அடிப்பதுபோல் (கிரீனில் பந்தைத் தரையோடு உருட்டுவது) தோள்கள் மட்டும் ஆடட்டும். பின்னால் நிறைய இழுத்துவிட்டுப் பந்துக்கிட்டே வந்ததும் தயங்குவதுதான் புதியவர்களைக் கெடுக்கிறது. குறைவாக இழுங்கள், தயங்காமல் முடியுங்கள்.

பந்துக்கு ஒரு சாண் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். கிளப் அதில் பட்டால் எடை பின்னால் போய்விட்டது என்று பொருள். மூன்று தப்படி தள்ளி ஒரு சாக்கை விரித்து அதில் பந்து விழும்படி அடியுங்கள். 8-ஆம் எண்ணில் பந்து ஒரு பங்கு பறந்தால் ஏறத்தாழ மூன்று பங்கு உருளும். குழி பன்னிரண்டு தப்படி என்றால் மூன்றாவது தப்படியில் விழ வேண்டும். அதைவிடச் சாய்வு கூடிய பிட்சிங் வெட்ஜில் ஒன்றுக்கு இரண்டு, அதாவது நான்காவது தப்படி. மண்தரையில் உருளுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், விழும் இடம் மட்டும் பாருங்கள்.

பங்கர் (மைதானத்து மணல் பள்ளம்) பழகப் பாலாறு இருக்கிறதே! தண்ணீரில்லாத ஆறு என்ற கேலி இதற்காவது உதவட்டும். இங்கே சாண்ட் வெட்ஜ்தான் சரி. மணலில் ஒரு கோடு கிழித்து, பந்தில்லாமல், கோட்டிலிருந்தே மணல் பறக்கும்படி அடித்துப் பாருங்கள். பத்துக்கு ஏழு முறை சரியாக வந்தபின் கோட்டுக்கு 5 செ.மீ. முன்னால் பந்தை வையுங்கள். கிளப் முகத்தைக் கொஞ்சம் திறந்து (வானம் பார்க்கத் திருப்பி), கோட்டில் அடித்து, முழுதாக முடியுங்கள். மணலில் நிறுத்தினால் பந்து அங்கேயே கிடக்கும்.

பட்டிங்குக்கு வீட்டுக் கூடமும் ஒரு டம்ளரும் போதும். குழியின் அகலம் 10.8 செ.மீ., டம்ளர் வாய் அதைவிடச் சின்னது. மூன்றடியிலிருந்து அதில் மோத வைப்பவருக்கு மைதானத்தில் குழி பெரிதாகத் தெரியும். மொசைக் தரையில் பந்து வழுக்கி ஓடும் என்பதால் வேகத்தை அங்கே பழகாதீர்கள், திசை மட்டும்.

சென்னை போகும் நாளில் முதலில் பயிற்சி கிரீனில் பத்து சிப் அடித்து, எவ்வளவு உருளுகிறது என்று தப்படியால் அளந்துகொள்ளுங்கள். காலையில் ஈரமாக இருந்தால் பந்து குறைவாகத்தான் உருளும். அன்றைக்கு விழும் இடத்தைக் குழிப் பக்கமாக ஒரு தப்படி முன்னே தள்ளுங்கள்.